ரன்னர்தான் தேயும்

மயிலாப்பூரில் என் கடைக்குப் பையோடு வருகிறவர்கள் படியேறும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். “அக்கா, ஜிப் போயிடுச்சு. புது ஜிப் வெச்சுக் குடுத்துடுங்க.” வாங்கி ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பேன். ரன்னர் போன வழியெல்லாம் பல் மூடாமல் வாய் பிளந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரிவது பல் என்பதால் பழியும் பல்மேல் விழுகிறது. என் விரல் நேராக ரன்னரின் வால்பக்கத்துக்குத்தான் போகும். என் கைக்கு வந்த ஜிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பல் நன்றாகவே இருந்திருக்கிறது, தேய்ந்துபோயிருந்தது ரன்னர். பத்து ரூபாய்க்குள் கிடைக்கிற ஒரு துண்டு உலோகத்துக்காக ஆயிரம் ரூபாய்ப் பையைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புகிறார்களே என்கிற ஆதங்கம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

அப்பா கச்சேரி ரோட்டு நடைபாதையில் குடையும் பையும் ரிப்பேர் பார்த்தவர். அவர் காலத்தில் ரெக்சின் பைகள்தான் அதிகம், பித்தளைப் பல் வைத்த ஜிப்புகள். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். தையல் சொல்லித் தருவதற்கு முன்பே ஒரு பழைய ரன்னரைக் கையில் கொடுத்து, “உள்ளே என்ன இருக்குன்னு பாரும்மா” என்றார்.

நீங்களும் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலைப்பக்கம் இரண்டு வாசல், வால்பக்கம் ஒரே வாசல். தலைப்பக்கத்து வாசல்களுக்கு நடுவே, மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் சேர்த்துப் பிடித்தபடி, ஆப்பு வடிவில் ஒரு குட்டித் தூண். ஜிப்பை மூடும்போது இரண்டு வரிசைப் பல்லும் ஆளுக்கொரு வாசலில் நுழைந்து, சாய்ந்து, ஒன்றின் இடுக்கில் மற்றொன்று விழுந்து, ஒற்றை வாசல் வழியாக இறுகி வெளியே வருகின்றன. திறக்கும்போது அதே தூண் நடுவில் புகுந்து பிரித்துவிடுகிறது. இந்த இறுக்கத்தைத் தருவது இரண்டு தகடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஓடி ஓடி உள்புறம் தேயும். பையில் அடைத்துத் திணித்து இழுக்க இழுக்க வால்பக்கம் விரியும். முடியளவு விரிந்தாலே போதும். பல் உள்ளே போகும், வெளியே வரும், அமுங்காது. ரன்னர் கடந்துபோனதும் பிளந்துகொள்ளும்.

இதற்கு வைத்தியம் ஒரு குறடு. ரன்னரை ஜிப் தொடங்கும் இடத்துக்கு, முழுக்கத் திறந்த நிலைக்குக் கொண்டுபோங்கள். மூக்குக் குறடோ கட்டிங் பிளேயரோ எடுத்து வால்பக்கத்து விளிம்பில் இடதுபுறம் ஒருமுறை, வலதுபுறம் ஒருமுறை மெல்ல அமுக்குங்கள். ஓட்டிப் பாருங்கள். மூடவில்லையென்றால் இன்னும் கொஞ்சம், இரண்டு பக்கமும் சமமாக. தலைப்பக்கத்தைத் தொடவே வேண்டாம். “அமுக்கு, நெரிக்காதே” என்பார் அப்பா. இன்றைய ரன்னர்களில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தவை. பித்தளை வளைந்துகொடுக்கும், இது ஓரளவுக்கு மேல் வளையாது, பட்டென்று விட்டுவிடும். இப்படி அமுக்கி ஓட்டுவது நிரந்தரமும் இல்லை. சில மாதம் ஓடும், ஊருக்குப் போகிற அவசரத்துக்கு உதவும். திரும்பவும் பிளந்தால் ரன்னரை மாற்றிவிட வேண்டியதுதான்.

மாற்றுவதற்கு முன்னால் பழைய ரன்னரைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு எண் இருக்கும்: 3, 5, 8, 10. மூடிய பல்லின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர் என்று அர்த்தம். பர்ஸுக்கும் சுடிதாருக்கும் 3, பள்ளிக்கூடப் பைக்கும் கைப்பைக்கும் 5, பெட்டிக்கும் பெரிய பயணப் பைக்கும் 8 அல்லது 10. எண் பொருந்தினால் மட்டும் போதாது. உலோகப் பல், வார்த்த பிளாஸ்டிக் பல், நைலான் சுருள் என்று மூன்று வகை உண்டு. உலோகத்துக்கான 5ஆம் எண் ரன்னரை நைலானில் போட்டால் சரியாக மூடாது, உள்குழியின் வடிவமே வேறு. நைலானிலும் இரண்டு தினுசு. சுருள் வெளியே தெரிவது ஒன்று. சுருள் உள்பக்கம் திரும்பி, வெளியே வழவழவென்று நாடா மட்டும் தெரிவது இன்னொன்று. அதை ரிவர்ஸ் என்போம். இப்போது வரும் பைகளில் ரிவர்ஸ் நிறைய. அதில் பிடி மறுபக்கம் இருக்க வேண்டும் என்பதால் ரன்னரும் தனி. ஆகவே கடையில் வாயால் சொல்லி வாங்காதீர்கள், பழையதையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தி. நகரில் லைனிங் துணியும் லேஸும் பட்டனும் விற்கிற கடைகளில் சாதா ரன்னர் கிடைக்கும். தோல் பைக்குக் கனமான உலோக ரன்னர் தேவைப்பட்டால் நான் பெரியமேடு போவேன். தோல் வியாபாரம் நடக்கும் இடத்தில்தான் அதற்கான உருப்படிகளும் இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளை அனுப்பிய பெட்டியும் வரும், ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்கிய பையும் வரும். இரண்டிலும் ரன்னர் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். ஜிப்புக்கு முன்னோடியாக அமெரிக்காவில் விட்கம் ஜட்சன் 1893இல் காப்புரிமை வாங்கியது ஷூவுக்கான கொக்கி அமைப்பு; அவருடைய கொக்கிகள் தானாகத் திறந்துகொண்டு தொல்லை தந்தன. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போன கிடியோன் சண்ட்பேக் என்ற பொறியாளர் கொக்கியைக் கைவிட்டார். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி என்று ஒன்றில் ஒன்று உட்காரும் பல் வரிசையைச் செய்தார். 1917இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறாததால்தான் அப்பாவிடம் நான் படித்த பாடம் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. “ஒய்கேகே ரன்னரா போடுங்க” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1934இல் டோக்கியோவில் தடாவோ யோஷிதா தொடங்கிய கம்பெனி அது, நல்ல சரக்கு. ஆனாலும் பிடியில் பொறித்த எழுத்தை நம்பி நான் எதையும் வாங்குவதில்லை. ஒரு துண்டு ஜிப்பைக் கையில் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

இனி ரன்னர் ஏற்றுவது. வீட்டில் முயன்றவர்கள் எல்லாரும் சோர்ந்துபோகிற இடம் இது. பை ஜிப்பின் இரண்டு முனையும் துணிக்குள் தைத்து அடைத்திருக்கும். ஜிப் மூடத் தொடங்கும் முனையில் மட்டும் தையலை ஓரிரண்டு அங்குலம் பிரியுங்கள். பழைய ரன்னரை உருவுங்கள். வராவிட்டால் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்துவிடலாம், அதனிடம் இனி வேலை இல்லை. இரண்டு நாடாவின் நுனியையும் ஒரே அளவுக்குக் கத்தரித்து, நூல் பிரியாமல் இருக்கத் தீக்குச்சியால் லேசாகச் சுடுங்கள். கடையில் நான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ரன்னரைப் பிடித்தே ஏற்றிவிடுவேன். பழக்கமில்லாதவர்களுக்கு முள்கரண்டி கைகொடுக்கும். கரண்டியின் முள்ளில் ரன்னரை வால்பக்கமாகச் செருகி நிறுத்துங்கள். தலைப்பக்கத்து இரண்டு வாசலும் உங்களைப் பார்த்தபடி இருக்கும். கரண்டிக் காம்பை இரண்டு கனத்த புத்தகங்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டால் இரண்டு கையும் உங்களுக்கு மிச்சம். இடது நாடாவை இடது வாசலில், வலது நாடாவை வலது வாசலில் ஒரே நேரத்தில் தள்ளுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் நுழைவதுதான் இதில் முக்கியம். ஒரு பக்கம் நாலு பல் முந்திப் போனாலும் பையின் வாய் மறுமுனையில் கோணிக்கொள்ளும். நுனிகள் வால்பக்கம் எட்டிப் பார்த்ததும் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரன்னரை மெதுவாக முன்னால் இழுங்கள். பின்னால் பல் சேர்ந்து வருவது விரலுக்கே தெரியும். பிறகு முனையைக் கெட்டி நூலால் குறுக்கே பலமுறை சுற்றித் தைத்து, பிரித்த தையலை மூடுங்கள். அந்த முனையில் ஒன்றிரண்டு பல் உதிர்ந்திருந்தாலும் இதே வழிதான். உதிர்ந்த இடத்தைத் தாண்டிக் குறுக்குத் தையல் போட்டுவிட்டால் ஜிப் அரை அங்குலம் குட்டையாகும், அவ்வளவுதான்.

நைலான் சுருள் ஜிப் நடுவில் பிளந்துகொண்டால் பதறவே வேண்டாம். ரன்னரை மெல்லத் தொடக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் மறுபடி மூடினால் தானே சேர்ந்துகொள்ளும். உலோகப் பல் வளைந்திருந்தால் குறட்டால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். வார்த்த பிளாஸ்டிக் பல் நடுவில் உடைந்தால் அதற்கு மருந்து இல்லை, முழு ஜிப்பையும் மாற்றத்தான் வேண்டும்.

ஓட்டமே கடினமாக இருக்கிற ஜிப்புக்கு எல்லாரும் செய்கிற முதல் காரியம் தேங்காய் எண்ணெய். தயவுசெய்து வேண்டாம். அன்றைக்கு வழுக்கும். ஒரு வாரத்தில் மெரினா புழுதியும் பையின் நூல்தூசும் அதில் ஒட்டிக் கறுப்புக் களிம்பாகிவிடும். துணியில் கறை இறங்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சாமான் வேறு. மார்கழிக் காலையில் ஜிப் இன்னும் இறுகிப்போகும். பல்லை முதலில் பழைய டூத் பிரஷால் உலரத் தேய்த்துத் தூசியை எடுங்கள். நைலானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெள்ளை மெழுகுவத்தித் துண்டைப் பல்மேல் இழுத்துவிட்டு, ரன்னரை நாலைந்து முறை ஓட்டுங்கள். உதிரும் மெழுகைத் துணியால் துடைத்துவிடுங்கள். உலோகப் பல்லுக்குப் பென்சில் முனையைத் தேய்க்கலாம், அதன் கிராஃபைட் தூள் நன்றாக வழுக்கும். வெள்ளைத் துணியில் மட்டும் பென்சில் வேண்டாம்.

பெசன்ட் நகர், சாந்தோம், அடையாறில் கடலுக்கு எட்டிய வீடுகளிலிருந்து வரும் பைகள் தனி ரகம். பரணிலோ கட்டிலடியிலோ ஒரு வருடம் கிடந்துவிட்டு வரும். ரன்னர்மேல் வெள்ளைப் பொடி பூத்து, பல்லோடு ஒட்டிப்போயிருக்கும். உப்புக்காற்று துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் வெள்ளையாக அரிக்கும், பித்தளையைப் பச்சையாக. அந்த நிலையில் பலம் காட்டி இழுத்தால் பிடிதான் கையோடு வரும். பித்தளைப் பல்லுக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற புளியே போதும். கரைசலில் பிரஷைத் தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி உலர்த்துங்கள். வெள்ளை பூத்த ரன்னருக்குப் பஞ்சில் வினிகர் தொட்டு வைத்து, கொஞ்ச நேரத்தில் துடைத்துக் கழுவிவிட வேண்டும். ஊறப்போட்டால் அது உலோகத்தையே தின்னும். பிறகு மெழுகு. பேண்ட் ரன்னருக்குள் பிடியை அழுத்தினால் பூட்டிக்கொள்கிற ஒரு சின்ன முள்ளும் ஸ்பிரிங்கும் உண்டு. அது துருப்பிடித்தாலோ தேய்ந்தாலோ ஜிப் தானாகக் கீழே இறங்கும். அதைச் சரிசெய்ய மெனக்கெடாமல் புது ரன்னர் போட்டுவிடுவதே நல்லது. அதுவரை பிடியில் சாவி வளையம் ஒன்றைக் கோத்து இடுப்புப் பட்டனில் மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாமல் சமாளிக்கலாம்.

துவைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். போர் தண்ணீரின் உப்பும் சோப்புத் தூளும் பல்லிடுக்கில் காய்ந்து படிந்துவிடுகின்றன. ஜிப்பை மூடி, துணியை உள்வெளியாகத் திருப்பித் துவையுங்கள். திறந்த ஜிப் மெஷினுக்குள் அடிபட்டு வளையும், பக்கத்துத் துணியையும் கிழிக்கும்.

ரன்னர் துணியைக் கடித்துக்கொண்டால் எல்லாரும் முன்பக்கம்தான் இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் துணி இன்னும் உள்ளே போகும். கடித்த துணியை ரன்னர் ஓடும் திசைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரன்னரை வந்த வழியே மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்னால் நகர்த்த வேண்டும். பட்டு ரவிக்கை மாட்டிக்கொண்டால் அதற்குக்கூட முயலாதீர்கள். கட்டிங் பிளேயரால் ரன்னரின் நடுத்தூணைத் தலைப்பக்கமிருந்து வெட்டுங்கள். இரண்டு தகடும் தனித்தனியாக விழும், ஒரு இழைகூடப் போகாது. சின்னப் பையன்களுக்குத் தோல் மாட்டிக்கொள்ளும்போது மருத்துவர்கள் கையாளும் வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் அதை வீட்டில் செய்யாதீர்கள், இழுக்கவும் செய்யாதீர்கள். குழந்தையை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

மார்கழி வந்தால் என் மேஜையில் மிருதங்கப் பைகள் சேரும். மியூசிக் அகாடமியிலோ நாரத கான சபாவிலோ சாயந்தரம் கச்சேரி, மதியம் ஜிப் நின்றுவிட்டது என்று வருவார்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் சுருதிக்காக ரவையைப் பிசைந்து அப்புவார்கள், கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுப்பார்கள். எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் துகள் பையில் உதிரும். அது சுருளுக்குள் இறங்கிக் காய்ந்து கல்லாகிவிடும். ரன்னர் அந்த இடத்துக்கு வந்ததும் நிற்கும், வித்வான் அவசரத்தில் இழுப்பார், நாடா கிழியும். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் ஜிப்மேல் போட்டு வைத்தால் ரவை இளகிவிடும், பிரஷால் தள்ளினால் வந்துவிடும். “பையை உதறி, ஜிப்பை வாரம் ஒருமுறை பிரஷ் பண்ணிடுங்கோ” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புவேன். வாத்தியத்தைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதைச் சுமக்கிற பையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த பைகளை மறக்கவே முடியாது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் அடையாற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்துவிட்டு வடிந்த பிறகு, சேறு காய்ந்த பைகளை மக்கள் கொண்டுவந்தார்கள். பலவற்றில் ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட். ஜிப்பைத் திறக்க முடியாமல், வெட்டவும் மனசு வராமல் நின்றார்கள். சான்றிதழ் இழந்தவர்களுக்கு மறுநகல் தர அரசாங்கம் முகாம் நடத்தியது நிஜம்தான், ஆனாலும் அசல் கைக்குக் கிடைக்கிற நிம்மதி வேறல்லவா? காய்ந்த சேற்றில் ரன்னரை இழுத்தால் மணல் அரம்போல் சுருளைத் தின்றுவிடும். பையை நனைத்தால் உள்ளே இருக்கும் காகிதம் போய்விடும். அதனால் ஜிப்பை மேல்நோக்கிப் பிடித்து, ஈரப் பிரஷால் ரன்னருக்கு முன்னால் ஒரு அங்குலம் மட்டும் தேய்த்து, துடைத்து, அந்த ஒரு அங்குலம் நகர்த்தி, திரும்பவும் தேய்த்து என்று ஒவ்வொரு பையாகத் திறந்தேன். அந்த டிசம்பரில் அதற்கு யாரிடமும் காசு வாங்கவில்லை.

தி. நகர் பாண்டி பஜார் நடைபாதையை அகலமாக்கி 2019 நவம்பரில் திறந்தபோது போய்ப் பார்த்தேன். வயதானவர்கள் தைரியமாக நடக்க முடிகிறது, சந்தோஷம். இத்தனை பைக்கடைகள் இருக்கிற அந்தத் தெருவில், பை தைக்கிறவர் ஒருவர் பெட்டியோடு உட்கார ஒரு முழம் இடம் எங்காவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பக்கத்தில் ரிப்பேர் இருந்தால்தான் மனிதர்கள் ரிப்பேர் செய்வார்கள். தி. நகரில் பை வாங்கியவர் ஒரு ரன்னருக்காக மயிலாப்பூர்வரை தேடி வருவதில்லை, புதுப் பை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது என் கடையில் நிற்க இடமிருக்காது. வருகிற பைகளில் பாதி வீட்டிலேயே சரியாகக்கூடியவை. மே மாதத்திலேயே பிள்ளைகளின் பையைக் காலி செய்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி உதறுங்கள். ஜிப்புக்கு பிரஷ் போடுங்கள், மெழுகு தேயுங்கள், வால்பக்கம் விரிந்திருந்தால் அமுக்குங்கள். பிடி அறுந்திருந்தால் சாவி வளையமோ கெட்டி நாடாவோ கோத்துவிடுங்கள். ரன்னரில் உரசுகிற நூல்பிசிறு தொங்கினால் கத்தரித்து, அந்த இடத்தில் கைத்தையல் நாலு போடுங்கள். நாடா கிழிந்திருந்தாலோ நடுவில் பல் போயிருந்தாலோ மட்டும் என்னிடம் கொண்டுவாருங்கள். அதற்கு முழு ஜிப்பையும் பிரித்துத் தைக்க வேண்டும். மே மாதம் கொடுத்தால் மறுநாளே வாங்கிக்கொள்ளலாம், ஜூனில் கொடுத்தால் ஒரு வாரம் ஆகும்.